‘யாரும் சொல்லல’ என்றவரை ‘மறுத்தார்’ என்று எழுதினேன்

இந்த வருஷம் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். படுக்கை விரிப்பது, மருந்து கலப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் பாதி என் காலத்தில் இருந்ததைவிட இப்போது மாறியும் போயிருக்கும். கிள்ளானில் முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் எழுதப்போவது ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றி. இன்றைக்கும் யாராவது அதைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பேன்.

‘டினைட்’ என்பதுதான் அந்த வார்த்தை. மறுத்தார் என்று அர்த்தம்.

நோயாளி நமக்குச் சொன்னதை ஃபைலில் எழுதும்போது ஆஸ்பத்திரி ஆங்கிலத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. நெஞ்சு வலி இல்லை என்று ஒருவர் சொன்னால் ‘நெஞ்சு வலியை மறுத்தார்’ என்று எழுதுவோம். காய்ச்சல் இல்லையென்றால் ‘காய்ச்சலை மறுத்தார்’. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு டினைட். டாக்டர்கள் எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்து, பிறகு மலாய்ப் பள்ளிக்குப் போனவள். ஆங்கிலம் என்றால் எனக்கு உதறல். ‘இல்லை என்று சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் முழுசாக எழுதப் போனால் டிட் வருமா ஹேட் வருமா, நாட் எந்த இடத்தில் உட்காரும் என்று பேனா நின்றுவிடும். டினைட் போட்டால் அந்தத் தலைவலியே கிடையாது. பார்ப்பதற்கும் டாக்டர் எழுதியது மாதிரி கம்பீரமாக இருக்கும். எனக்கு அந்த வார்த்தை மேல் ஒரு காதலே இருந்தது என்று சொல்லலாம்.

ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து வந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், நான் கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போன ஃபைலை எடுத்துப் படித்துவிட்டார். அவர் குடிப்பதை மறுத்தார் என்று அதில் இருந்தது.

“ஏம்மா, நான் தண்ணி போடுறதில்லன்னு சொன்னேன். நீங்க மறுத்தாருன்னு எழுதியிருக்கீங்க. மறுக்குறது போலீஸ் ஸ்டேஷன்லல்ல நடக்கும்? அப்ப நான் குடிக்கிறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? என் வைஃபா?” என்று கேட்டார்.

டீ போடும் பேன்ட்ரிக்குள் போய் நாங்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாத்தியார் தொழில் புத்தி விடாது என்று நான்தான் முதலில் கிண்டல் செய்தேன். அவர் சொன்னதை ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு அந்த அறிவு இல்லை.

அது முடிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம் மூன்று மணி. இரண்டு பேர் மெடிக்கல் லீவு, வார்டு முழுக்க ஆள். பந்திங்கில் இருந்து மணியம் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். போர்ட் கிள்ளானுக்கு கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரைக்காரர். காலில் ஏதோ கீறி, அது சீழ் வைத்து முழங்கால் வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கூட வந்த அவர் மனைவி சரோஜா அக்கா கீழே கவுண்டரில் பதிவு செய்யப் போயிருந்தார். ஆக, கட்டிலருகே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

“அண்ணே, மருந்து எதுக்காச்சும் அலர்ஜி இருக்கா?” என்று கேட்டேன்.

“அலர்ஜியா? அலர்ஜின்னு யாரும் சொல்லல மிஸ்ஸி,” என்றார். நம் ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் எழுதினேன்: ‘பேஷண்ட் டினைட் எனி டிரக் அலர்ஜி.’ எந்த மருந்துக்கும் அலர்ஜி இருப்பதை நோயாளி மறுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் என்ன சொன்னார்? யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். சொல்லாதது வேறு யாரோ. அந்த ‘இல்லை’யை நான் எடுத்து அவர் வாயில் வைத்து, அவரே இல்லை என்று சொன்னதாக ஆக்கி, அதையும் சாதாரணமாகச் சொல்லாமல் மறுத்ததாக எழுதிவிட்டேன். தெரியாது என்ற மனுஷர் ஒரே வரியில் நிச்சயமாகத் தெரிந்தவர் ஆகிவிட்டார். இதற்கு எனக்கு ஐந்து வினாடிதான் ஆனது. டாக்டர் சின்னப் பையன், வேறு மொழிக்காரர். ஃபைலைப் புரட்டினார், என் வரியைப் படித்தார், பென்சிலின் வகையில் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். நானே கலந்து நானே நரம்பில் ஏற்றினேன்.

ஊசியை எடுத்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது சரோஜா அக்கா வந்தார். தட்டில் கிடந்த சிரிஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ஊசி போட்டீங்களா? இவருக்கு ஊசி ஒத்துக்காதே மிஸ்ஸி!”

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மணியம் அண்ணன் உள்ளங்கையைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்திருந்தார். உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஏறியது. “மிஸ்ஸி, தொண்டைய அடைக்குது,” என்று அவர் சொன்னபோது அது அவர் குரலாகவே இல்லை.

இப்போது வெட்கத்தை விட்டு ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். உங்களிடம் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. மணியை அழுத்தினேன். அடுத்து என் கால் எமர்ஜென்சி தள்ளுவண்டியைப் பார்த்துப் போகவில்லை. கவுண்டரைப் பார்த்துப் போனது. நான் ஃபைலில் என்ன எழுதினேன் என்று பார்க்கத்தான் போனேன். கண் முன்னால் ஒரு ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார், எனக்கு என் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பயம் அப்படித்தான் வேலை செய்கிறது. அது நம்மை நம் பக்கமாகவே இழுக்கும்.

“ஃபைல் எங்கயும் ஓடிடாது! இங்க வா!”

எங்கள் வார்டு சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், போட்ட சத்தம் அது. அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கிருந்து வந்தாரோ, கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி, தொடையில் அட்ரினலினைக் குத்திவிட்டு, ஆக்சிஜனை என் கையில் திணித்தார். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ரத்த அழுத்தம் மெஷினில் ஏறவே மாட்டேன் என்றது. ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது ஊசி. அந்த ஐந்து நிமிஷமும் நான் மாஸ்கைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறுவதா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் கூப்பிட்டேன். கொலைகாரி ஆகிவிட்டேன் என்று என் காதுக்குள்ளேயே யாரோ சொன்னது மாதிரி கேட்டது. அப்புறம் அவரை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஐந்தரை மணிக்கு அவர் மகள் தீபா ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்து வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு ஃபேக்டரி ஆபீசில் வேலை. ஐசியூ வாசலில் டாக்டர் அவளிடம் ஆங்கிலத்தில் விளக்கினார், ஃபைலைத் திறந்து என் வரியைக் காட்டினார். நான் நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தேன். அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் வந்தாள்.

“ஃபைல்ல ஒத்துக்கலன்னு எழுதியிருக்கும்மா.”

சரோஜா அக்கா நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். “என்னாது? ஒத்துக்கலன்னு எழுதி வச்சிருக்காங்களா? எழுதி வச்சுக்கிட்டேதான் ஊசியப் போட்டாங்களா?”

மகள் சொன்னது, அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று. அம்மா கேட்டது, அந்த மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே ‘ஒத்துக்கல’தான். அந்த அம்மாவின் காதில், தெரிந்தே ஒருவரைக் கொல்லப் பார்த்தவள் நான். வாயைத் திறந்து விளக்கியிருக்க வேண்டும். திறக்கவில்லை.

“அய்யோ, அது இல்லம்மா,” என்றாள் தீபா. “அலர்ஜி இருக்கான்னு கேட்டிருக்காங்க. அப்பா இல்லவே இல்லன்னு சொல்லிட்டாராம். மறைச்சிட்டாரு.”

மறைச்சிட்டாரு. யாரும் சொல்லல என்று புறப்பட்ட பேச்சு என் பேனாவில் மறுத்தார் ஆகி, மகள் வாயில் ஒத்துக்கல ஆகி, இப்போது மறைத்தார் என்று வந்து நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சொல் மாற்றினோம், அவ்வளவுதான்.

சரோஜா அக்கா மறுபடி உட்கார்ந்தார். பிறகு, “தோட்டத்துல இருந்தப்ப டிரஸ்ஸர் போட்ட ஊசி ஒத்துக்காம மூஞ்சியெல்லாம் வீங்கி ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாரு. நல்லா தெரியும் அவருக்கு. லோரி ஓட்ட விடமாட்டாங்கன்னு பயந்து மறைச்சிருப்பாரு. எப்பவும் அந்த லோரிதான் பெருசு,” என்றார். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். ஒரு மனுஷர் செய்யாத காரியத்துக்கு அவர் மனைவி காரணமும் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே குழாயோடு கிடக்கிறவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா முடியும்?

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்குள் நான் சம்பவ அறிக்கை கொடுக்க வேண்டும். சிஸ்டர் என்னைப் பேன்ட்ரிக்குள் கூப்பிட்டு, டீயைக் கையில் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

“டினைட்ன்னு எழுதியிருக்க. நல்லதாப் போச்சு. அது உன்னக் காப்பாத்தும். அறிக்கையிலயும் அதையே எழுது, மேல ஒண்ணும் பேசாத.”

அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். மணியம் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்றால் அது சிஸ்டர் போட்ட ஊசியால்தான். என் மேல் அவருக்குப் பாசம் இருந்தது, அதனால் சொன்னார். அந்த யோசனை மட்டும் தப்பு. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தேவவாக்காக இருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நர்ஸ் பதிவில் இருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களோ, போலீஸ் வருமோ, என் சம்பளத்தை நம்பி ஓடும் வீடு என்ன ஆகுமோ என்று மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அறிக்கையை எழுதினேன். டினைட்டை அப்படியே வைத்தேன். மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்று காலை மணியம் அண்ணனை வார்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தீபா கால்மாட்டில் நின்றிருந்தாள். சரோஜா அக்கா கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொடாத கஞ்சி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

“வாங்க மிஸ்ஸி,” என்றார் மணியம் அண்ணன். குழாய் போட்ட தொண்டை, கரகரவென்று வந்தது. “என்னால உங்களுக்கும் பெரிய தொந்தரவு. மன்னிச்சுக்குங்க லா.”

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

“கண்ணு முழிச்சதுல இருந்து சரோஜா ஏன் மறைச்சீங்கன்னு கேக்குறா. அப்புறம் பேசவே மாட்டேங்குறா. டிரஸ்ஸர் ஊசி ஒத்துக்காதது எனக்கு நல்லாத் தெரியும். அத நான் ஏன் சொல்லாம விட்டேன்? நீங்க வந்து கேட்டது ஞாபகம் இருக்கு. நான் சொன்னது மட்டும் வரவே மாட்டேங்குது.” மூச்சு வாங்கினார். “நான் என்ன சொன்னேன் மிஸ்ஸி? இல்லன்னா சொன்னேன்?”

இந்த உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கேட்டது என் காது, எழுதியது என் கை, சொன்னவருக்கே மறந்துவிட்டது. ஆமாண்ணே என்று தலையை ஆட்டினால் போதும். அதோடு முடிந்தது. அவரும் நம்புவார், ஆயுசுக்கும் நம்புவார். தங்கச்சிகளே, தம்பிகளே, உங்கள் வேலையில் இப்படி ஒரு நேரம் வரும். மருந்தைப் பற்றிய அறிவு அப்போது உதவாது. எனக்குத் தைரியம் வந்ததா என்று கேட்டால் வரவில்லை. பயத்தோடுதான் வாயைத் திறந்தேன்.

“இல்லன்னு நீங்க சொல்லலண்ணே. ‘அலர்ஜின்னு யாரும் சொல்லல’ன்னு சொன்னீங்க. அதுதான் நீங்க சொன்னது.”

தீபா திரும்பினாள். “அப்ப அந்த டினைட்?”

“அது நான் எழுதினது. அலர்ஜின்னு ஒரு வார்த்தைய மட்டும் கேட்டேன். ஊசி மாத்திரை ஏதாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கான்னு நான் கேக்கல.”

மணியம் அண்ணன் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “ஒத்துக்காததுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மிஸ்ஸி,” என்றார்.

சரோஜா அக்கா திரும்பி உட்கார்ந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, மேலே படிந்த ஆடையை ஒதுக்கி, ஒரு கரண்டி எடுத்துப் புருஷன் வாயருகே கொண்டு போனார். “மூணு நாளா இந்த மனுஷன மனசுக்குள்ள எத்தன திட்டு திட்டினேன்,” என்றார். இரண்டு வாய் ஊட்டின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“இப்ப வாயால சொல்றீங்க. அந்த ஃபைல்ல இன்னமும் இவர் மறுத்தாருன்னுதானே இருக்கும்?”

அதற்கப்புறம் விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஆறு மாசம் தனியாக ஊசி போடக் கூடாது என்றார்கள். சிஸ்டர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதிவில் பெயர் தப்பியது. ஆனால் அந்த அக்கா கேட்ட நேரத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் கவுண்டருக்கு நடந்தேன். பாக்கெட்டில் இருந்த அறிக்கையைக் கிழித்தேன். ஃபைலைத் திறந்தேன். பழைய வரியை அடிக்கக் கூடாது, அது சட்டம். கீழே அன்றைய தேதியும் நேரமும் போட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

தீபா பின்னாலேயே வந்து நின்றாள். உறவுக்காரர்களை ஃபைல் பக்கம் விடக் கூடாது என்பதும் விதிதான். நான் அவளைத் தடுக்கவில்லை.

‘அலர்ஜி என்று யாரும் சொல்லவில்லை என்று சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டினைட் இல்லாமல். யாரும் என்றால் நோபடி. சொல்லவில்லை என்றால் டிட் நாட் டெல். இரண்டையும் சேர்த்து நோபடி டிட் நாட் டெல் என்று எழுதப் போனேன். ஏதோ இடித்தது. அந்த வரியில் மறுபடி தப்பு செய்துவிடுவேனோ என்று பேனா அசையவில்லை. வேறு வழி இல்லாமல் அவளிடமே கேட்டேன்.

“தங்கச்சி, நோபடி டிட் நாட் டெல் ஹிம்ன்னு எழுதலாமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “வேணாம் ஆன்டி. அப்படி எழுதினா எல்லாரும் சொன்னாங்கன்னு ஆயிடும். நோபடி ஹேட் டோல்ட் ஹிம். ஒரு நோ போதும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அடுத்த வரியை நானே எழுதினேன், நான் மேலே எதுவும் கேட்கவில்லை என்று. கையெழுத்துப் போட்டு ஃபைலை அவள் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

“ஆமா,” என்றாள். “அப்பா இப்படித்தான் பேசுவாரு.”